டாக்டரிடம் மறைக்காதீர்கள்

குடிப்பழக்கம் உள்ளவருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் முதலில் கொடுப்பது பாராசிட்டமால். டாக்டரிடம் போனாலும் குடியைப் பற்றிச் சொல்வதில்லை, ஜமாஅத்தில் தெரிந்துவிடுமோ என்ற பயம். அந்த மறைப்பில் உள்ள ஆபத்தைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மதுவைப் பெரும்பாலும் உடைப்பது கல்லீரல். அப்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகிறது. தினமும் குடிப்பவரின் கல்லீரலில் மதுவை உடைக்கும் இன்னொரு நொதியும் பெருகிவிடும். அது வேலை செய்யும்போது நிலையற்ற ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்பி, செல்லின் சவ்வையும் புரதத்தையும் மரபணுவையும் சிதைக்கின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது இதுதான். இரும்பில் துரு ஏறுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் துரு கண்ணுக்குத் தெரியும்; கல்லீரலோ பல ஆண்டுகள் வலிகூடக் காட்டாது.

இந்தச் சிதைவைத் தடுக்க உடலில் குளூட்டாதயோன் என்ற பொருள் இருக்கிறது. தொடர்ந்த குடியும், சரியாகச் சாப்பிடாததும் அதைக் குறைத்துவிடும். பாராசிட்டமாலிலிருந்து உண்டாகும் நச்சை முறிப்பதும் அதே குளூட்டாதயோன்தான். அந்த நச்சை உண்டாக்குவதோ, குடியால் பெருகிய அதே நொதி! அதனால் மற்றவர்களுக்கு ஒத்துக்கொள்ளும் அளவுகூட இவருக்கு அதிகமாகிவிடலாம். டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

ரமலான் பிறை தெரிந்ததும் நிறுத்திவிடுவதாக நிய்யத் வைப்பவர்கள் உண்டு. நல்ல நிய்யத்துதான். ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.