நயாகராவின் இரு கரைகள்

சிறு பென்ஷனை நம்பியிருப்பவர், வாடகையும் விலைவாசியும் மலிவான அயல் தேசத்தில் போய் வாழலாமென்று எண்ணுவது இயல்பே. ஆனால் வாடகையை விசாரிக்குமுன் அவர் விசாரிக்க வேண்டியது ஒன்றுண்டு.

பிரிட்டிஷ் சர்க்கார் முதியோருக்கு அளிக்கும் பென்ஷன் ஆண்டுதோறும் உயர்கிறது. அமெரிக்காவிலோ பிலிப்பைன்ஸிலோ குடியிருப்போருக்கும் அவ்வுயர்வு கிட்டும். கானடா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, நமது இந்தியா ஆகிய தேசங்களில் குடியேறியோருக்கோ கிட்டாது. முழு அடிப்படைப் பென்ஷன் 2000-ம் ஆண்டில் வாரத்துக்கு 67 பவுன் 50 பென்ஸ். 2025-ல் 176 பவுன் 45 பென்ஸ். இருவர் 2000-ல் பென்ஷன் பெறத் தொடங்கி, நயாகரா நீர்வீழ்ச்சியின் எதிரெதிர்க் கரைகளில் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கரையில் இருப்பவருக்கு 2025-ல் பின்னைய தொகை. கானடாக் கரையில் இருப்பவருக்கு இன்றும் முன்னையதே! உழைத்த காலத்தில் இருவரும் செலுத்திய சந்தாவில் பேதமில்லை.

இவ்வழக்கு 2005-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையிலும், 2010-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றது. இதைச் சட்டம் என்பார்கள். நியாயம் என்று நாம் ஒப்புவதற்கில்லை.

பென்ஷன் உறைந்து நிற்கலாம், வாடகை நிற்குமா? அயல்நாட்டில் மலிவான வீடு தேடும் முதியோர், தம் பென்ஷன் அங்கே வளருமா என்பதை முதலில் கேட்டறிவாராக.