மறைக்கல்வியும் பாடசாலைச் சமயக்கல்வியும்

கத்தோலிக்கரிடையே மறைக்கல்வியும் பாடசாலைச் சமயக்கல்வியும் பெரும்பாலும் ஒன்றெனவே கொள்ளப்படுகின்றன. இவை வேறுபட்டவை; எனினும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை என 1997இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்விப் பொது வழிகாட்டி தெளிவுபடுத்தியது. முன்னையது விசுவாசிகளின் சமூகத்துள் நிகழ்வது. திருவருட்சாதனங்களுக்கும் கிறிஸ்தவ வாழ்வுக்கும் ஆயத்தஞ் செய்வது. பின்னையது ஏனைய பாடங்களைப் போன்றே ஒழுங்கான அறிவையும் ஆய்வுநோக்கையும் வேண்டுவது.

இலங்கையில் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பல அரசின் வசமாயின. ஆயினும் சமயம் பரீட்சைப் பாடமாகத் தொடர்ந்தது. இங்கேதான் இடர்ப்பாடு எழுகின்றது. பரீட்சை அறிவை அளக்கும், விசுவாசத்தை அளக்காது. சிறப்புச் சித்தியை விசுவாச முதிர்ச்சியின் சான்றாகக் கொள்ளும் பங்குச் சமூகம் தன் கடமையைப் பாடசாலையிடம் ஒப்படைத்துவிடுகின்றது. ஐயமெழுப்பும் மாணவரை விசுவாசமற்றவராகக் கருதும் ஆசிரியரோ வகுப்பறையின் பணியை மறந்துவிடுகின்றார். வினவும் உரிமையை வகுப்பறையும், வாழ்ந்துகாட்டும் பொறுப்பைப் பங்கும் காத்தல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.