அலைக்கற்றை உணர்தலும் இரைச்சல் சுவரும்

அலைக்கற்றை உணர்தல் என்பது, ஒரு கம்பியில்லாக் கருவி தான் இருக்கும் இடத்தில் எந்த அலைவரிசை பயன்பாட்டில் உள்ளது, எது காலியாக உள்ளது என்பதைத் தானே கேட்டு அறிவதாகும். இப்படிக் கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த அனந்த் சகாயும் அவருடைய மாணவர் ராகுல் தாண்ட்ராவும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் காட்டினர்.

பின்னணி

அலைக்கற்றையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சேவைக்கு உரிமமாக அளிப்பது அரசுகளின் வழக்கம். உரிமம் பெற்றவர் எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒரு நகரில் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சி அலைவரிசை, வேறொரு நகரில் சும்மா கிடக்கும். சூழலை அறிந்து தன் இயக்கத்தை மாற்றிக்கொள்ளும் 'அறிதிறன் வானொலி' என்ற கருத்தை 1999-இல் ஜோசப் மிட்டோலாவும் ஜெரால்டு மகுவயரும் முன்வைத்தனர். காலியான அலைவரிசையைக் கண்டு பயன்படுத்தி, உரியவர் வந்ததும் விலகிக்கொள்ளும் கருவியை உருவாக்கலாம் என்ற நம்பிக்கை இதையொட்டி வளர்ந்தது.

உணரும் கருவி இரண்டு வகையில் தவறலாம். காலியான அலைவரிசையை நிரம்பியதாக எண்ணினால் வாய்ப்பு வீணாகும். நிரம்பியதைக் காலி என எண்ணினால், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் படம் நின்றுவிடும். இரண்டாவது தவறுதான் பெரிது. அதில் பாதிக்கப்படுபவர் உரிமம் பெற்ற சேவையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

ஆற்றல் கண்டறிதல்

உணர்தலில் மிக எளிய முறை இது. 1967-இல் ஹாரி உர்கோவிட்ஸ் இதன் கணித அடிப்படையை ஆராய்ந்தார். குறிகையின் வடிவம் தெரிய வேண்டியதில்லை. அலைவரிசையில் உள்ள மொத்த ஆற்றலை அளந்து, அது இரைச்சலின் அளவைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும். குறிகை பலவீனமானால் கூடுதல் நேரம் கேட்க வேண்டும். குறிகை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ஏறத்தாழ நூறு மடங்கு மாதிரிகள் தேவை. ஆக, பொறுமை இருந்தால் எதையும் கண்டுபிடித்துவிடலாம் என்றே தோன்றும்.

சுவர்

இந்தக் கணக்கு, இரைச்சலின் அளவு துல்லியமாகத் தெரியும் என்று கொள்கிறது. உண்மையில் அது வெப்பநிலையாலும் சுற்றுப்புறக் குறுக்கீட்டாலும் மாறும். தராசுத் தட்டின் எடையே சரியாகத் தெரியாதபோது, அந்த ஐயத்தைவிடச் சிறிய பொருளை எத்தனை முறை நிறுத்தாலும் அது தட்டில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. தாண்ட்ராவும் சகாயும் இந்த எல்லையைக் 'குறிகை-இரைச்சல் விகிதச் சுவர்' என்றனர். இரைச்சலின் அளவில் இருபுறமும் 1 டெசிபெல் ஐயம் இருந்தால், ஆற்றல் கண்டறிதலுக்கான சுவர் சுமார் −3.3 டெசிபெலில் நிற்கிறது. அதாவது, இரைச்சலில் பாதிக்கும் சற்றுக் குறைவான குறிகையை எவ்வளவு நேரம் கேட்டாலும் உறுதியாகக் கண்டறிய இயலாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 2008 நவம்பரில் வகுத்த விதிகள், தொலைக்காட்சிக் குறிகையை −114 டெசிபெல்-மில்லிவாட் வரை உணர வேண்டும் என்றன. இது ஒரு மில்லிவாட்டின் லட்சம் கோடியில் வெறும் 4 பங்கு. 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அமெரிக்க அலைவரிசையில் வெப்ப இரைச்சல் மட்டுமே சுமார் −106. குறிகை அதில் ஆறில் ஒரு பங்கு. ஆற்றலை மட்டும் அளக்கும் கருவிக்கு இது சுவருக்கு அப்பால் உள்ளது.

இவ்வளவு கடுமையான எல்லைக்குக் காரணம் நிழல். சுவர்களுக்குள் இருக்கும் கருவிக்குக் கேட்காத ஒளிபரப்பு, அருகிலுள்ள கூரை ஆண்டெனாவுக்கு நன்றாகவே கேட்கும். எண்ணிம ஒளிபரப்பில் உள்ள வழிகாட்டித் தொனியைத் தேடினால் சுவர் தள்ளிப்போகும், ஆனால் மறையாது. பல கருவிகள் கூடிக் கேட்பது உதவும், அவை எல்லாம் ஒரே கட்டடத்தின் நிழலில் இல்லாதவரை.

பின்விளைவு

2010 செப்டம்பரில் ஆணையம் விதிகளைத் திருத்தியது. தன் இருப்பிடத்தை அறிந்து தரவுத்தளத்தைக் கேட்டுக்கொள்ளும் கருவிகளுக்கு உணர்தல் கட்டாயம் அன்று என்றாயிற்று. தொலைக்காட்சிக் கோபுரங்கள் இடம்பெயர்வதில்லை என்பதால், அங்கு பட்டியலே போதுமானது. கடலில் நகரும் போர்க்கப்பலின் ராடாருக்கு இது பொருந்தாது. எனவே 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கான 2015-ஆம் ஆண்டு விதிகளில் உணர்தல் திரும்பி வந்தது; ஆனால் அதைச் செய்வது பயனரின் கருவி அன்று, கடற்கரையோரம் அமைக்கப்பட்ட தனி உணரி நிலையங்கள்.