நேரமே பத்தலை என்கிறீர்களா?

நன்றி, கவனம், ஒழுங்கு: வீட்டுக்கு உகந்த சிறு பழக்கங்கள்



சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வரும்போது அதிகம் கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு. "நேரமே பத்தலைங்க" என்பதுதான் அது. தடுப்பூசிக்கு ஏன் வரவில்லை என்றாலும் இதே பதில். இரத்தப் பரிசோதனைக்கு ஏன் வரவில்லை என்றாலும் இதே பதில். ஆவடிக்கு வேலைக்குப் போகிறவரும் சொல்கிறார், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு பார்க்கிறவரும் சொல்கிறார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் சொல்கிறது. ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்பதை யாராலும் கூட்ட முடியாது. ஆனால் அந்த நேரம் வீட்டில் யாருக்கு எப்படிச் செலவாகிறது என்பதை மாற்ற முடியும். அதற்கான சில எளிய பழக்கங்களை இந்தத் துண்டறிக்கையில் சொல்கிறோம். இவற்றுக்குக் காசு செலவில்லை.

பக்கத்து ஊர் சொல்லும் பாடம்

பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவுக்கு 1998-ல் ஜப்பான் நாட்டின் டெமிங் பரிசு கிடைத்தது. தரமான உற்பத்திக்காக 1951 முதல் வழங்கப்பட்டு வரும் பரிசு இது. இந்தியாவிலிருந்து இதை முதன்முதலாகப் பெற்றது நம் பாடிதான். இப்படிப்பட்ட தொழிற்சாலைகளில் பின்பற்றப்படும் முறைக்குக் 'கைசன்' என்று பெயர். சின்னச் சின்னத் திருத்தம், தினந்தோறும், எல்லோரும் சேர்ந்து செய்வது என்பதே அதன் சாரம். பெரிய மெஷின் வாங்கிப் போடுவதற்கு முன்னால், ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்கிறோமா என்று பார்க்கச் சொல்லும் முறை.

உங்கள் வீட்டிலேயே இதை அறிந்தவர் இருக்கலாம். வேண்டாததை நீக்கு, வேண்டியதை ஒழுங்காக வை, சுத்தம் செய், அதையே முறையாக்கு, விடாமல் கடைப்பிடி என்று ஐந்து படிகளைத் தொழிற்சாலைச் சுவரில் எழுதிப் போட்டிருப்பார்கள். 'ஐந்து எஸ்' என்பார்கள். அங்கே அதைத் தவறாமல் செய்கிறவர் வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியை எங்கேயோ போட்டுவிட்டுக் காலையில் தேடுகிறார்! தொழிற்சாலையில் பலிப்பது வீட்டிலும் பலிக்கும்.

பழக்கம் எப்படி உண்டாகிறது?

அதிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர், "இன்னைக்குப் போடலாமா வேண்டாமா" என்று யோசிப்பதில்லை. கதவைத் திறந்ததும் கை தானே வாளியை எடுக்கிறது. இதுதான் பழக்கம். ஒரு செயல் முடிந்ததும் அடுத்த செயல் தானாக வரும். ஆகவே புதுப் பழக்கத்தைத் தனியே நிறுத்தாதீர்கள். மறக்காமலிருக்க முந்தானையில் முடிச்சுப் போடுகிற மாதிரி, ஏற்கெனவே செய்து வரும் வேலையோடு அதை முடிந்து வையுங்கள். "தினமும் மாத்திரை போடணும்" என்று நினைத்தால் மறந்து போகும். "ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்ததும் மாத்திரை" என்றால் நினைவிருக்கும்.

21 நாள் செய்தால் எதுவும் பழகிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு பழக்கம் படிய ஏறக்குறைய 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பெரிய நஷ்டம் எதுவுமில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே, "நேத்து விட்டுப் போச்சு, இனிமே எங்கே" என்று கைவிட வேண்டாம். இன்று தொடருங்கள்.

முதல் பழக்கம்: பேர் சொல்லி நன்றி

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலுக்கென்றே 11-ஆவது அதிகாரம் இருக்கிறது. இருந்தும் நம் வீடுகளில் நன்றியை வாய்விட்டுச் சொல்வது குறைவு. "வீட்டு மனுஷாளுக்குள்ள என்ன நன்றி" என்று விட்டுவிடுகிறோம். மனதில் இருந்தால் போதாது, சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் தாங்கள் நன்றி பாராட்டும் விஷயங்களை வாரம் ஒரு முறை எழுதினார்கள். இன்னொரு பகுதியினர் எரிச்சலூட்டிய விஷயங்களை எழுதினார்கள். பத்து வாரத்தில், நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகத் திருப்தி தெரிவித்தார்கள். உடற்பயிற்சியும் அதிகம் செய்திருந்தார்கள்.

நமக்கு நோட்டுப் புத்தகம்கூட வேண்டாம். இரவு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பொதுவாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொல்லுங்கள். "எல்லாத்துக்கும் நன்றி" என்றால் காதில் ஏறாது. கணவர் மனைவியிடம், "நாலரைக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தே, மத்தியானம் சாப்பிடும்போது நினைச்சுக்கிட்டேன்" என்று சொல்லலாம். மனைவி, "இன்னைக்கு நீங்க மோட்டார் போட்டு தண்ணி ஏத்தினீங்க, எனக்கு அரை மணி மிச்சமாச்சு" எனலாம். பிள்ளைகள், "ஆயா, நீங்கதான் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்தீங்க" எனலாம். ஆயாவுக்கு அன்றைக்கு ஒரு வேளை மருந்து சாப்பிட்ட தெம்பு வந்துவிடும்.

நன்றியைக் கையிலும் காட்டுங்கள்

சொல் மட்டும் போதுமா? ஒரு கணக்கைப் பாருங்கள். இந்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ஆண்களில் அந்த வேலையைச் செய்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களிலோ நூற்றுக்கு 81 பேர்.

அதாவது ஒருவருக்கு "நேரம் இருக்கிறது" என்றால், அது பெரும்பாலும் இன்னொருவர் எழுந்து உழைத்துக் கொடுத்த நேரம். ஆகவே நன்றி சொன்ன கையோடு ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடிப்பதோ, பாத்திரம் கழுவுவதோ, துணி மடிப்பதோ எதுவாயினும் ஒன்று நிரந்தரமாக உங்களுடையதாக இருக்கட்டும். "சொன்னா செய்யறேன்" என்பது பாதி உதவிதான். சொல்லி வேலை வாங்குவதும் ஒரு வேலையல்லவா?

இங்கே ஒரு எச்சரிக்கை. நன்றி என்பது எதையும் பொறுத்துக்கொள்வது ஆகாது. அடி, உதை, குடித்துவிட்டு வந்து தொல்லை ஆகியவற்றுக்கு நடுவே "இருக்கிறதை நினைச்சு சந்தோஷப்படு" என்று யாருக்கும் புத்தி சொல்லாதீர்கள். அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் பெண்கள் 181 என்ற எண்ணை அழைத்து உதவி கேட்கலாம்.

இரண்டாவது பழக்கம்: ஒரு நேரம், ஒரு வேலை

அடுப்பில் பால், கையில் போன், மடியில் பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று இருந்தால் என்ன ஆகும்? பாலும் பொங்கும், கோபமும் பொங்கும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு வேறொன்றுக்குத் தாவும்போது, மனதில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று 2009-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாவத் தாவக் கவனம் தேயும்.

செய்ய வேண்டியது இது. முக்கியமான ஒரு வேலையை எடுங்கள். 25 நிமிடம் அதை மட்டும் செய்யுங்கள். பிறகு 5 நிமிடம் எழுந்து நடந்து, தண்ணீர் குடியுங்கள். அந்த 25 நிமிடமும் போன் கண்ணில் படாத இடத்தில், அலமாரியிலோ வேறு அறையிலோ இருக்கட்டும்.

"எங்க வீடே ஒரே ரூமு, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்?" என்று கேட்கலாம். இடம் இல்லாத வீட்டில் நேரத்தை ஒதுக்குங்கள். மாலை 7 முதல் 8 வரை டி.வி. அணைந்திருக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் பெரியவர்களும் போனைக் கையில் எடுக்க வேண்டாம். அப்பா சீரியல் பார்க்கும்போது பிள்ளைக்கு மட்டும் எப்படிப் படிப்பில் மனம் நிற்கும்?

மூன்றாவது பழக்கம்: நாளைக்கு மூன்று வேலை

தினமும் கிழிக்கும் நாள்காட்டித் தாளை எறியாதீர்கள். இரவு படுக்கும் முன் அதன் பின்பக்கத்தில் மறுநாள் செய்ய வேண்டியவற்றை எழுதுங்கள். கட்டாயம் முடிக்க வேண்டிய மூன்றுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். "கேஸ் புக் பண்ண, பாப்பாவுக்குத் தடுப்பூசி, கரண்ட் பில்" என்று எழுதினால் போதும்.

இதனால் தூக்கமும் சீக்கிரம் வரும். அமெரிக்காவில் 57 இளைஞர்களை வைத்து நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பாரம் தாளில் இறங்கினால் தலையில் குறைகிறது.

கூடவே, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் வையுங்கள். வண்டிச் சாவிக்கு ஓர் ஆணி. குடும்ப அட்டை, ஆதார், குழந்தையின் தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பை. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்தப் பையின் அருமை தெரியும்.

ஒன்றை மறக்காதீர்கள். வீடு தொழிற்சாலை ஆகிவிடக் கூடாது. இப்படி மிச்சமாகும் நேரத்தில் இன்னொரு வேலையை நுழைக்காதீர்கள். அந்த நேரம் ஓய்வுக்கும் உறக்கத்துக்கும் உரியது. வளர்ந்தவர்களுக்குத் தினமும் 7 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. நைட் ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் தூங்கினால், வீட்டார் அதையும் மதித்துச் சத்தம் குறைக்க வேண்டும்.

சோம்பல் என்று பெயர் வைக்காதீர்கள்

எல்லாப் பழக்கமும் சரியாக இருந்தும் சிலருக்கு உடம்பு அசதியாகவே இருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். எதிலும் மனம் நிற்காது. "சோம்பேறி" என்று வீட்டார் பட்டம் கட்டுவார்கள். அது பெரும்பாலும் இரத்தசோகையாக இருக்கலாம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கும் மேல்!

இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை இலவசமாகப் பரிசோதிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். கீரை, பயறு, கேழ்வரகு உணவில் சேரட்டும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு, தூக்கமின்மை, அழுகை, எதிலும் நாட்டமின்மை இருந்தால் அதுவும் குணப்படுத்தக்கூடிய நோயாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மனதுக்கு வைத்தியம் பார்ப்பதில் வெட்கம் எதுவுமில்லை.

நினைவில் வையுங்கள்

1. புதுப் பழக்கத்தைப் பழைய வேலையோடு முடிந்து வையுங்கள்.
2. இரவுச் சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு நன்றி, பேர் சொல்லி, குறிப்பாக.
3. நன்றி சொன்னவர் ஒரு வீட்டு வேலையை நிரந்தரமாக ஏற்கட்டும்.
4. 25 நிமிடம் ஒரே வேலை. போன் கண்ணில் படாத இடத்தில்.
5. படுக்கும் முன் நாளைய மூன்று வேலைகள், நாள்காட்டித் தாளில்.
6. ஓயாத அசதி என்றால் இரத்தப் பரிசோதனை.

ஆறையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இன்று இரவு இரண்டாவதை மட்டும் செய்து பாருங்கள். முதல் நாள் கூச்சமாக இருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! அது பழகிய பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். சந்தேகம் எதுவானாலும் உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.

படித்து முடித்ததும் இதை அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள்.