புயல் இன்றி வந்த பெருவெள்ளம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிவுற்ற 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே ஏறத்தாழ 66 சென்டிமீட்டர்தான். அன்று புயல் எதுவும் நம் கரையைக் கடக்கவில்லை. பின், இத்துணை நீர் எங்கிருந்து வந்தது?

பூமியைப் போர்த்தியுள்ள காற்று மண்டலத்தைக் கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு என ஐந்தாகப் பகுப்பர். மேகமும் மழையும் கீழடுக்கிற்கே உரியவை. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அது 16 முதல் 18 கிலோமீட்டர் உயரம்வரை விரிந்துள்ளது. அதனுள் மேலே செல்லச் செல்லக் குளிர் மிகும். கடலினின்று எழும் நீராவி அக்குளிரில் துளிகளாகி மழையாகப் பொழிகிறது.

ஜூன் முதல் செப்டம்பர்வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இழந்துவிடுகிறது. மலைக்குக் கிழக்கேயுள்ள நமக்கு எஞ்சுவது வறண்ட காற்றே. பொதிகையில் பெய்த நீரைத் தாமிரபரணி சுமந்து வருவதாலேயே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வயல்கள் செழிக்கின்றன. நமக்குரிய மழையைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர்வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றாகும்.

அவ்வாண்டு அப்பருவத்தில் குமரிக்கடல் பகுதியின் மேலே ஒரு காற்றுச் சுழற்சி நிலைகொண்டது. அது கடலின் ஈரத்தை ஓயாது இழுத்து நம் ஊர்களின்மீது கொட்டிற்று. வெப்பம் ஒரு டிகிரி கூடினால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கவல்லது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதால் உலகம் சூடேறி வருகிறது. ஆகவே இத்தகைய பெருமழைகள் இன்னும் கடுமையாகக்கூடும்.

டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள் தவித்தனர். அண்டைக் கிராமத்தார் சமைத்து உணவளித்த அன்பு என்றும் நினைவில் நிற்கும்.

ஆயினும், அன்பு மட்டும் போதாது, முன்னறிவும் வேண்டும். "புயல் இல்லையே" என்று வாளாவிருத்தல் தகாது. வானிலை நிலையம் "அதி கனமழை" என்றால், ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்யக்கூடும் என்பது பொருள். அச்சொல் காதில் விழுந்ததும், ஆற்றோரத்திலும் குளக்கரையிலும் வாழ்வோர் முதியோரையும் குழந்தைகளையும் பகலிலேயே மேட்டு நிலத்திற்கு அழைத்துச் செல்லட்டும். மருந்துகளையும் நிலப் பத்திரங்களையும் உடன் எடுத்துக்கொள்ளட்டும். வீட்டிற்குள் வெள்ளம் புகுந்தபின் இருளில் வழி தேடுவது அரிது.