கிடங்கின் அலாரத்தை ரவுட்டரில் இணைப்பது எப்படி?

வணிகப் பெருமக்களில் பலர் கடையை ஓரிடத்திலும் கிடங்கை வேறோர் இடத்திலும் வைத்துத் தொழில் செய்து வருகிறார்கள். இரவில் கிடங்கில் சரக்கு இருக்கிறது, ஆள் இல்லை. ஷட்டரை யாராவது நெம்பினாலும், குளிர் அறையின் கம்ப்ரஸர் நின்றுபோனாலும், மறுநாள் பூட்டைத் திறக்கும்போதுதான் தெரியவருகிறது. அலாரம் மணி பொருத்தியிருக்கலாம். ஆனால் ஆளரவமற்ற தெருவில் அடிக்கும் மணி யார் காதில் விழப்போகிறது?

அந்த மணியின் செய்தியை நம் கைபேசிக்குக் கொண்டுவர இணைய ரவுட்டரையே பயன்படுத்தலாம். வீட்டு பிராட்பேண்ட் ரவுட்டர் பொதுவாக இதற்கு உதவாது. தொழிற்கூட உபயோகத்துக்கென்று விற்கப்படும் 4ஜி ரவுட்டர்கள் பலவற்றில் அலாரம் இன்புட் என்ற இணைப்பு இருக்கிறது. சிம் கார்டு அதிலேயே இருப்பதால் எஸ்.எம்.எஸ். அனுப்பும். வாங்கும்போதே இந்த இன்புட் உண்டா, எந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

ரவுட்டருக்குத் தெரிவது என்ன?

ரவுட்டருக்குத் திருடனும் தெரியாது, தீயும் தெரியாது. இரண்டு வயர்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா, பிரிந்திருக்கின்றனவா என்பது மட்டுமே தெரியும். ஆகவே கிடங்கில் நடப்பதை ஒரு சுவிட்சாக மாற்றித் தர வேண்டும். ஷட்டருக்குக் காந்த சுவிட்ச் உண்டு. காந்தம் அருகில் இருக்கும்வரை உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் சேர்ந்திருக்கும், விலகினால் பிரியும். குளிர் அறைக்குத் தெர்மோஸ்டாட்டின் ரிலே, மின்வெட்டுக்கு 230 வோல்ட் ரிலே, புகைக்கு டிடெக்டர் பேனலின் ரிலே என்று ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது.

இன்புட்டில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று டிரை காண்டாக்ட். சுவிட்சின் இரு முனைகளை அப்படியே இணைத்தால் போதும். மின்அழுத்தத்தை ரவுட்டரே தரும். மற்றது வோல்ட்டேஜ் இன்புட். இதற்கு வெளியிலிருந்து 12 வோல்ட் போன்ற டி.சி. மின்சாரம் சுவிட்சின் வழியாக வந்து சேர வேண்டும். வெறும் சுவிட்சை மட்டும் இணைத்துவிட்டு வேலை செய்யவில்லையே என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காதவர்கள். கையேட்டில் குறித்துள்ள வோல்ட் அளவைப் பார்த்து, அந்த 12 வோல்ட் வயரில் ஒரு சிறு ஃபியூஸும் போடச் சொல்லுங்கள். எந்த இன்புட்டிலும் 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்கவே கூடாது. ரவுட்டர் எரிந்துவிடும், தொடுபவர் உயிருக்கும் ஆபத்து.

மூடிய சுற்றே பாதுகாப்பு

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: எல்லாம் சரியாக இருக்கும்போது சுற்று மூடியிருக்க வேண்டும், கோளாறு வந்தால் திறக்க வேண்டும்.

1853இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் கதவு திறந்தால் சுற்று மூடி மணி அடிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த முறையில் வயரை முன்கூட்டியே வெட்டிவிட்டால் மணி அடிக்க வழியே இல்லை. எலி கடித்து வயர் அறுந்தாலும், ஸ்க்ரூ தளர்ந்தாலும் அதே கதி. அலாரம் செத்துக் கிடப்பது நமக்குத் தெரியாது. மூடிய சுற்றில் வயரை வெட்டுவதே அலாரம் ஆகிவிடுகிறது.

இங்கே மின்பணியாளர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரிலேயில் காமன், என்.சி., என்.ஓ. என்று மூன்று முனைகள் இருக்கும். இந்தப் பெயர்கள் ரிலேயில் மின்சாரம் இல்லாத நிலையைக் குறிப்பவை. மின்வெட்டைக் கண்டறியும் ரிலேயில் மின்சாரம் இருக்கும்போது சுற்று மூடியிருக்க வேண்டும் என்பதால் காமன், என்.ஓ. ஆகிய இரண்டையும் எடுக்க வேண்டும். 'என்.சி. என்றால் மூடியது' என்று அதை இணைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். காந்த சுவிட்சுகளிலும் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறுகிறது. எழுதியிருப்பதை நம்பாமல், ஷட்டரை மூடிவைத்து மல்டிமீட்டரால் சோதித்துப் பார்ப்பதே சரி.

மூடிய சுற்றிலும் ஒரு குறை உண்டு. விஷயம் தெரிந்த ஒருவன் இரண்டு வயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டால் ரவுட்டர் ஏமாந்துவிடும். விலையுயர்ந்த சரக்கு வைத்திருப்பவர்கள், வயரின் கடைசி முனையில் ரெசிஸ்டர் வைத்துக் கண்காணிக்கும் அலாரம் பேனலைப் பொருத்தி, அந்தப் பேனலின் ரிலேயை மட்டும் ரவுட்டரோடு இணைப்பது நல்லது. பேனலும் ரவுட்டரும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

வயர் இழுக்கும்போது

லேன் கேபிளில் உள்ள ஒரு ஜோடி வயரே இதற்குப் போதும். 50 மீட்டர் தூரம் போய்த் திரும்பினாலும் அதன் தடை 10 ஓமுக்குள்தான் இருக்கும். ஆனால் கரண்ட் வயர் செல்லும் பைப்பிலேயே இதையும் நுழைக்கக் கூடாது. மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் எழும் மின் அதிர்வுகள் பொய் அலாரங்களை உண்டாக்கும். ஓர் அடியாவது தள்ளித் தனிப் பைப்பில் கொண்டுசெல்லுங்கள். திறந்த வெளியில் கட்டடம் விட்டுக் கட்டடம் செல்வதானால் இடிதாங்கும் சர்ஜ் புரொடெக்டர் அவசியம்.

காற்றில் ஷட்டர் ஆடினாலும் சுவிட்ச் ஒரு கணம் பிரியக்கூடும். ரவுட்டரின் அமைப்பில் இரண்டு மூன்று விநாடி தாமதம் வைக்கலாம். குளிர் அறைக் கதவுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தைக் கணக்கிட்டுச் சில நிமிடங்கள் தரலாம். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. இரவில் நான்கு முறை பொய்ச் செய்தி வந்தால் ஐந்தாவது முறை கைபேசியை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். உறைந்த உணவுப் பொருள்கள் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டியவை. அவற்றுக்கு அந்த ஐந்தாவது செய்திதான் உண்மையானதாக இருக்கலாம்.

கரண்ட் போனால்?

கரண்ட் போகும் நேரத்தில்தான் குளிர் அறை நிற்கிறது. அதே நேரத்தில் ரவுட்டரும் நின்றுவிட்டால் செய்தி சொல்வது யார்? ஆகவே ரவுட்டர், பேனல் இரண்டும் பேட்டரியில் இயங்க வேண்டும். ஃபைபர் இணைப்பை நம்பியிருந்தால் அதன் பெட்டியும் அதே யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும்.

சிம் கார்டிலும் கவனம் தேவை. ரீசார்ஜ் காலாவதியானால் எல்லாச் செலவும் வீண். பழைய 2ஜி டயலர் வைத்திருப்பவர்கள் எந்த நிறுவனத்தின் சிம் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2016இல் தொடங்கிய ஜியோ வலையில் 2ஜி, 3ஜி சேவைகள் இல்லாததால் அந்தக் கருவி அதில் இயங்காது.

செய்தி யாருக்குப் போக வேண்டும்?

முதலாளிக்கு மட்டும் போனால் போதாது. அவர் ரயிலில் இருக்கலாம். கிடங்கின் அருகில் வசிக்கும் நம்பிக்கையான ஒருவர், மேலாளர் என மூன்று எண்களாவது இருக்கட்டும். 'இன்புட் 1' என்று வந்தால் நள்ளிரவில் யாருக்கும் புரியாது. 'கிடங்கு பின்பக்க ஷட்டர் திறந்தது' என்றே செய்தியை எழுதிவையுங்கள். புகைக்கான செய்தி வந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திராமல் 101 அல்லது 112க்குத் தகவல் தர வேண்டும். சட்டப்படி வைக்க வேண்டிய தீயணைப்பு அலாரத்துக்கு ரவுட்டர் மாற்றாகாது, துணை மட்டுமே.

ரவுட்டரோடு வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். எஸ்.எம்.எஸ். மூலம் அதற்குக் கட்டளை தரும் உரிமை உங்கள் எண்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

மாதம் ஒரு சோதனை

மாதத்தில் ஒரு நாள் கீழ்க்கண்டவற்றைச் செய்து நோட்டில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும்:

1. ஒவ்வொரு ஷட்டரையும் திறந்து செய்தி வருகிறதா என்று பார்த்தல்.
2. ஒரு வயரைக் கழற்றி அதற்கும் அலாரம் வருகிறதா என்று பார்த்தல்.
3. மெயின் சுவிட்சை அணைத்து, ரவுட்டர் பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்தல்.
4. சிம்மின் காலாவதி நாளைச் சரிபார்த்தல்.

இவற்றோடு, தினமும் காலை 9 மணிக்கு 'எல்லாம் நலம்' என்று ஒரு செய்தி வரும்படி ரவுட்டரை அமைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி வராத நாளில் கிடங்குக்கு உடனே ஆள் அனுப்ப வேண்டும். கருவி பேசாமல் இருப்பதையும் ஓர் அலாரமாக எடுத்துக்கொள்ளும் வியாபாரியின் சரக்குக்கே முழுக் காவல் இருக்கிறது என்பது நம் கருத்து.