25இல் ஒரு பங்கு காருக்கு என்ன விலை?

எனது தங்கையின் மகன் அண்மையில் ஒரு கார் செய்து விற்றான். 1932ஆம் ஆண்டு ஃபோர்ட் கூபே. கூரையைத் தாழ்த்தி, எஞ்சின் வெளியே தெரியும்படி பொனட்டை நீக்கி, பின்பக்கம் பெரிய டயர் பூட்டி, கடும் சிவப்பு பெயின்ட் அடித்த கார். நீளம் ஒரு சாண்கூட இல்லை. காசு கையில் கிடைத்ததும் நேரே என் கடைக்கு வந்து, "மாமா, முதல் வியாபாரம்" என்று காட்டினான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வியாபாரிக்குப் பழக்கம் விடாதே. எத்தனை நாள் வேலை என்று கேட்டேன். மாலை நேரங்களில் இரண்டு மாதம் என்றான். மணித்தியாலக் கணக்கைக் கூட்டச் சொன்னேன். 70 வந்தது. கிட் வாங்கிய காசு, பெயின்ட், பசை எல்லாம் கழித்து மிச்சத்தை 70ஆல் பிரித்துப் பார்த்தோம். என் கடையில் மூட்டை இறக்கும் நாட்டாமிக்குக் கிடைப்பதில் பாதிகூட வரவில்லை.

பையனின் முகம் வாடிவிட்டது. அதனால்தான் இந்தச் சாமானின் வரலாற்றைத் தேடிப் பார்த்தேன். இதில் பணம் எங்கே இருக்கிறது என்பது அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

அசல் கார்களின் கதை தென் கலிபோர்னியாவில் ஆரம்பிக்கிறது. 1932இல் ஃபோர்ட் நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் V8 எஞ்சினுடன் ஒரு காரை விட்டது. 65 குதிரை வலு. சில வருடங்களில் அவை பழைய கார்களாக மலிந்தபோது, காசில்லாத இளைஞர்கள் வாங்கி, மட்கார்டைக் கழற்றிப் பாரம் குறைத்து, எஞ்சினைத் திருத்தி, வற்றிய ஏரித் தரைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய கழகங்கள் ஒன்றுசேர்ந்த சங்கம் 1937இல் உருவானது. யுத்தம் முடிந்து திரும்பியவர்களால் இந்த மோகம் பெருகி, 1948 ஜனவரியில் 'ஹொட் ரொட்' என்ற சஞ்சிகையே வந்துவிட்டது.

மொடல் கார்கள் வந்த வழி வேறு. 1948 அளவில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏ.எம்.டி. என்ற கம்பனி, புதிய கார்களின் சின்ன உருவங்களைச் செய்து கார் விற்பனை முகவர்களுக்குக் கொடுத்தது. அளவு 25இல் ஒரு பங்கு. அப்பா பெரிய காரைப் பார்க்கும்போது மகன் கையில் சின்னக் கார் இருக்கும். விளம்பரச் சாமான், அவ்வளவுதான். ஆரம்ப காலப் பிளாஸ்டிக் உருவங்கள் பல வருடங்கள் போக வளைந்து நெளிந்துவிட்டன என்பது வேறு விடயம்.

இங்கேதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம். பிளாஸ்டிக் உருவம் வார்க்க உருக்கில் அச்சு வெட்ட வேண்டும். பெரிய செலவு அந்த அச்சுக்குத்தான், பிளாஸ்டிக்குக்கு அல்ல. விளம்பரத்துக்காக வெட்டிய அச்சு ஏற்கெனவே கையில் இருக்கிறது. 1958இல் அந்தக் கம்பனி அதே கார்களைப் பொருத்தாத துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்றது. கூடவே ஒரு தந்திரமும் செய்தார்கள். ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டுவதற்கான துண்டுகள் இருந்தன. கம்பனி விட்டபடி கட்டலாம், அலங்காரக் காராகக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். பையன் ஒன்றைத்தான் கட்டுவான். மிஞ்சிய துண்டுகளைப் பழைய டப்பாவில் சேர்த்து வைப்பான். அந்த டப்பா நிறைய நிறைய, அடுத்த பெட்டி வாங்கும் ஆசையும் வரும்.

ஜோர்ஜ் பாரிஸ் போன்ற பிரபல கார் அலங்காரக்காரர்களை ஏ.எம்.டி. ஆலோசகராக வைத்துக்கொண்டது. ரெவெல் கம்பனி எட் ரோத் என்பவரின் விசித்திரக் கார்களை 1960களின் ஆரம்பத்தில் கிட்டாக வெளியிட்டது. ரோத் அசல் காரை ஒரு முறைதான் கட்டினார். பெட்டி விற்கும்போதெல்லாம் அவருக்கும் ஒரு பங்கு போனது.

அச்சு இருக்கும்வரை சரக்கு இருக்கும். ஆனால் வருடாந்த மொடல்களின் அச்சை அடுத்த வருடக் காருக்காகத் திருத்தி வெட்டிவிடுவார்கள். பழைய வருடத்தை அந்த அச்சில் மறுபடி வார்க்க முடியாது. சில பழைய பெட்டிகள் இன்று கிராக்கியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பனிகளும் நிலைக்கவில்லை. ரெவெலின் அமெரிக்க உரிமையாளர் 2018இல் வங்குரோத்தாக, ஜெர்மன் முதலீட்டாளர்கள் அதை வாங்கினார்கள். ஏ.எம்.டி. பெயரும் பல கை மாறிவிட்டது. அச்சுகளில் பல இன்னும் உழைக்கின்றன.

இப்போது மருமகனின் 70 மணித்தியாலத்துக்கு வருவோம். துண்டுகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவ வேண்டும், அச்சில் பூசிய எண்ணெய் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பசை உண்மையில் ஒட்டுவதில்லை, இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்குகிறது. ஆகவே ஒரு சொட்டு கூடினால் பொடி பாழ். குரோம் பூச்சுள்ள இடத்தைச் சுரண்டாமல் ஒட்ட முடியாது. கண்ணாடிக்கு சுப்பர் குளூ போட்டால் வெள்ளைப் புகை படியும், தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசைதான் நல்லது. மழை நாளில் ஸ்ப்ரே அடித்தால் ஈரத்தால் பெயின்ட் வெளுத்துப் போகும். மருமகன் ஒரு முறை அப்படி அடித்து, முழுதும் சுரண்டி மறுபடி அடித்தான். பத்து மணித்தியாலம் அதிலேயே போனது.

அதிக நேரம் தின்றது கூரை. அசல் காரில் 3 அங்குலம் தாழ்த்துவார்கள். 25இல் ஒரு பங்கில் அது 3 மில்லிமீற்றர்! தூண்களில் அந்த 3 மில்லிமீற்றரை வெட்டி எடுத்து, மேலும் கீழும் கோணாமல் சேர்க்க வேண்டும். 1932 ஃபோர்டின் தூண்கள் ஓரளவு நேராக நிற்பதால் தப்பினான். சரிந்த தூணுள்ள 1949 மெர்குரியாக இருந்தால் வெட்டிய முனைகள் ஒன்றையொன்று சந்திக்கவே மாட்டா.

நான் அவனுக்குச் சொன்னது இதைத்தான்: அந்தக் கூரையை நீ ஒவ்வொரு காருக்கும் வெட்டினால் கூலிக்காரன். ஒரு முறை திருத்தமாகச் செய்து, சிலிக்கனில் அச்செடுத்து, ரெசினில் வார்த்து விற்றால் நீயும் ஒரு சின்னக் கம்பனி. வெளிநாடுகளில் வீட்டுக் கராஜில் இருந்து இப்படித் துண்டுகள் விற்பவர்கள் இருக்கிறார்கள். சிலிக்கன் அச்சு சில பத்து வார்ப்புகளுக்கு மேல் தாங்காது, அதையும் செலவில் சேர்க்க வேண்டும். அதேநேரம் கம்பனியின் பொடியை அப்படியே பிரதி எடுத்து விற்பது களவு. அவனே அளந்து பிளாஸ்டிக் தகட்டில் செய்த கூரையாக இருக்க வேண்டும்.

"அப்போ கார் கட்டித் தர வேண்டாமா மாமா?" என்று கேட்டான். கட்டு, ஆனால் மணித்தியாலத்தை எழுதி வைத்து, முற்பணம் வாங்கிக் கட்டு என்றேன்.

முதல் வார்ப்பில் காற்றுக் குமிழி விழுந்து கூரை முழுக்க அம்மைத் தழும்பு. இரண்டாவது பரவாயில்லை. இதற்கிடையில் ஒருவர் 1957 ஷெவ்ரோலே ஒன்று கட்டித் தரக் கேட்டிருக்கிறார். விலை சொல்வதற்கு இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு, கொப்பியும் பேனையுமாக இருக்கிறான்.